அந்தத் துளியை விட்டுருங்க

கோத்தகிரி அரசு மருத்துவமனையில்
பகலெல்லாம் எனக்குச் சளி, இரத்தம்.
கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு,
அதில் இருப்பதன் பெயரைச் சொன்னால் சம்பளம்.
இரவில் சம்பளமில்லாத வேலை:
பூச்சிப் படங்கள்.

தேயிலைக் காட்டிலிருந்து வருகிறவர்கள்
கையைக் காட்டும் முன்னே போனைக் காட்டுவார்கள்.
"இதுதான் மேடம் கடிச்சது."
பெரும்பாலும் அது கடித்திருக்காது.
சீழ் வைத்த கட்டிக்கும்
சிலந்தி என்றே பெயர் வைத்த மொழி நம்முடையது.
பழி முதலிலேயே எழுதியாயிற்று.

நேற்று வந்த படத்தில் யாரும் கடிபடவில்லை.
சோலூர்மட்டம் நைட் ஹால்ட் பஸ்ஸின் நடத்துநர்
விசுவலிங்கம் அனுப்பியது.
ராத்திரி ஒன்றரைக்கு ஒன்றுக்குப் போக இறங்கியிருக்கிறார்.
பேரிக்காய் மரம், வாயில் கவ்விய டார்ச்.
"குருவி எச்சம்னு நெனச்சேன் மேடம்.
எச்சம் காலை நீட்டுச்சு."
அடுத்த வரியில் மன்னிப்பு:
"ஓரத்துல பனித்தண்ணி விழுந்து படம் கெட்டுப்போச்சு.
அந்தத் துளியை விட்டுருங்க."

விட்டுவிட்டேன்.

முதுகில் இரண்டு மேடு.
பழைய பல்லின் மஞ்சள்,
அங்கங்கே வெற்றிலைக் கறை.
வலை இல்லை.
இலையில் இல்லை, காம்பில் இல்லை,
படத்தின் நான்கு மூலையிலும் இல்லை.
எட்டுக்கால் பூச்சி, எண்ணினால் ஏழு.
மாத்திரை எண்ணுவதுபோல
ஊசிமுனையால் தள்ளித் தள்ளி எண்ணினேன்.
ஏழுதான்.
ஒன்றைப் பல்லிக்குக் கொடுத்திருக்கலாம்.

வலை கட்டாதவை பலவுண்டு.
ஓடிப் பிடிப்பவை, தாவிப் பிடிப்பவை,
பூவுக்குள் பூவாகக் கிடப்பவை.
இது ஓடுகிற உடம்பில்லை.
தொங்கிக்கொண்டு, குண்டாக, அவசரமில்லாமல்
எதற்கோ காத்திருக்கிறது.

தெளிவான படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன்.
காலையில் வந்தது அதே படம்.
அவர் மகள் விரலால் தேய்த்துத்
துளியை எடுத்துவிட்டிருந்தாள்.
அந்த இடத்தில் போன் தானாக வரைந்த இருட்டு,
ஒட்டுத் தெரியாத, சுத்தமான இருட்டு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

முதல் படத்தில்
துளிக்கு மேலே ஒரு கோடு.
முடியைவிட மெலிசு.
கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால்
எட்டாவது கால்.

"அடடே" என்று கத்திவிட்டேன் போல.
வரிசையில் நின்ற பெள்ளியம்மா
"என்ன மேடம், பாசிட்டிவா?" என்றார்.

பனி இலைநுனியில் தொங்கும், கம்பியில் தொங்கும்.
யார் காலிலும் நூல் கட்டித் தொங்காது.
வட்ட வலைக்காரர்களின் வம்சத்தில் பிறந்து
வலையை முழுதாகக் கைவிட்டு
ஒரு நூலும் ஒரு சொட்டுப் பசையும் போதுமென்று
இருட்டில் இறங்கியிருக்கிறது இது.
பெண் அந்துப்பூச்சியின் வாசனையைத்
தன் உடம்பிலிருந்தே வரவழைக்கும்.
ஆண் வரும்,
குளிரில், வெகு தூரத்திலிருந்து, சந்தோஷமாக.
நூல் ஒரு வீச்சு.

பேரினம் வரைக்கும் சொல்லலாம்.
அதற்குமேல் அடிவயிற்றைப் பார்க்காமல்
வாய் திறக்கக் கூடாது.
போன் போட்டேன்.
"டூட்டி மாத்திட்டாங்க மேடம்,
இனி மேட்டுப்பாளையம் டிரிப்."
பின்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை.
"கடிக்குமான்னு நீங்க கேக்கவே இல்லையே?"
"அதுவும் நைட் டூட்டி பாக்குது, பாவம்"
என்று சொல்லி விசில் ஊதினார்,
என் காதிலேயே.

நோட்டில் எழுதினேன்.
இடம்: சோலூர்மட்டம், பஸ் திரும்புமிடம்.
பேரிக்காய் மரம், இடுப்பு உயரக் கிளை.
கண்டவர்: விசுவலிங்கம், நடத்துநர்.
இனம் என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
அழித்துவிட்டு மறுபடி அதே கேள்விக்குறி.
குறிப்பு: படத்தின் ஓரத்தில் துளி இருக்கிறது.
விட்டுருங்க,
அது பாட்டுக்கு இருக்கட்டும்.